9-க்கு 3 என்றால் அது பகையா?

"லேக்கர்ஸ்–செல்டிக்ஸ் பகை என்று பெருசுகள் உருகுவதைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. ஃபைனல்ஸில் 12 தடவை மோதியிருக்கிறார்கள். செல்டிக்ஸ் 9, லேக்கர்ஸ் 3. ஒருத்தன் அடிக்கிறான், இன்னொருத்தன் வாங்குகிறான். இதற்குப் பேர் பகையா? டிவிக்காரர்கள் ஊதிப் பெரிசாக்கியதுதானே?"
— ஒரு வாசகர்

14 ஜனவரி 2025

பெருசுகளில் ஒருவன் பேசுகிறேன். புதியவர்களுக்கு: லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸும் பாஸ்டன் செல்டிக்ஸும் என்பிஏ என்ற அமெரிக்கக் கூடைப்பந்து லீகின் அணிகள்; ஃபைனல்ஸ் என்பது பட்டத்துக்கான கடைசித் தொடர், ஏழு ஆட்டத்தில் நாலு ஜெயிக்க வேண்டும். கணக்கு சரி. 1959, 62, 63, 65, 66, 68, 69, 84, 85, 87, 2008, 2010. லேக்கர்ஸ் ஜெயித்தது 85, 87, 2010. நான் லேக்கர்ஸ் ஆள். அந்த ஒன்பதை எனக்கு யாரும் எண்ணிக் காட்ட வேண்டாம்.

ஆனால் டிவி ஊதியது என்பது சுத்தத் தப்பு. 1980 ஃபைனல்ஸின் ஆறாவது ஆட்டத்தை அமெரிக்காவின் பெரும்பாலான ஊர்களில் சிபிஎஸ் டிவி நேரலையில் காட்டவே இல்லை. ராத்திரிச் செய்தி முடிந்த பிறகு பதிவைப் போட்டார்கள். லேக்கர்ஸின் சென்டர் (வளையத்தடியில் ஆடும் உயரமானவர்) கரீம் கணுக்கால் அடிபட்டு வரமுடியாமல் போக, முதல் வருஷ ஆட்டக்காரர் மேஜிக் ஜான்சன் சென்டராக இறங்கி 42 புள்ளி, 15 ரீபவுண்ட் (விழாமல் திரும்பிய பந்தைப் பிடிப்பது) எடுத்த ஆட்டம் அது. அதையே தூங்கப்போகும் நேரத்துக்குத் தள்ளியவர்களா பகையை ஊதினார்கள்?

அதே நாள், இரவு

கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன். மேஜிக்கும், பிற்பாடு செல்டிக்ஸ் நட்சத்திரமான லாரி பேர்டும் முதலில் மோதியது என்பிஏவில் இல்லை. 1979 மார்ச் 26, சால்ட் லேக் சிட்டி, கல்லூரி ஃபைனல். மேஜிக்கின் மிச்சிகன் ஸ்டேட் 75-64 என்று ஜெயித்தது. அமெரிக்காவில் அந்த அளவுக்கு வீடுகளில் பார்க்கப்பட்ட கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஆக டிவிக்குத் தெரியாமல் இல்லை. ஒருத்தர் லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் இன்னொருத்தர் பாஸ்டனுக்கும் போனதும் வாயில் எச்சில் ஊறியிருக்கும். சரி, பாதி ஒத்துக்கொள்கிறேன். நெருப்பு வைத்தது அவர்கள் இல்லை, விசிறினார்கள்.

16 ஜனவரி

என் கதையைச் சொன்னால்தான் புரியும்.

1983-இல் அமெரிக்காவுக்குப் படிக்க வந்தேன். பள்ளிக்கூடத்திலேயே கூடைப்பந்து ஆடியவன். கரீம் அப்துல்-ஜப்பார் ஸ்கை ஹூக் (ஒரு கையைத் தலைக்கு மேல் வளைத்துப் போடும் வீச்சு) போடும் ஒரு படம் பத்திரிகையில் பார்த்ததிலிருந்து லேக்கர்ஸ். என் அறை நண்பன் எனக்கு இரண்டு வருஷம் மூத்தவன், நம்ம ஆள்தான், டா போட்டுப் பேசும் பழக்கம். ஆனால் வந்த புதிதில் பாஸ்டனில் சித்தப்பா வீட்டில் தங்கியிருந்தானாம். அங்கேயே செல்டிக்ஸின் பச்சை ஒட்டிக்கொண்டது. அதுவரை வருஷத்துக்கு இரண்டு ஆட்டம், அவ்வளவுதான் சண்டை. 1984 மே மாதம் இரண்டு அணியும் ஃபைனல்ஸுக்கு வந்ததும் வீடு இரண்டாகியது. பந்தயம்: தோற்கிற அணிக்காரன் ஒரு மாசம் பாத்திரம் கழுவ வேண்டும்.

முதல் ஆட்டம் பாஸ்டனில், லேக்கர்ஸ் 115-109. இரண்டாவது ஆட்டமும் கையில் இருந்தது. 113-111, லேக்கர்ஸ் முன்னால், இன்னும் பதினெட்டு வினாடி. செல்டிக்ஸின் மெக்ஹேல் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் (ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையில்லா வீச்சு) தவறவிட்டார். பந்து நம்முடையது. இனி சும்மா பிடித்துக்கொண்டு நின்றாலே போதும். ஜேம்ஸ் வொர்தி பைரன் ஸ்காட்டுக்கு ஒரு பாஸ் தூக்கிப் போட்டார். தூக்கி! பட்டம் விடுவது மாதிரி மிதந்து போகிறது பந்து. செல்டிக்ஸின் ஜெரால்ட் ஹெண்டர்சன் குறுக்கே பாய்ந்து பறித்துக்கொண்டு போய்ப் போட்டார். 113-113. ஓவர்டைமில் செல்டிக்ஸ் 124-121. பொது அறை டிவி முன்னால் நின்று என் கண்ணால் பார்த்தேன். ஹெண்டர்சன் கை நீண்டபோது என் நண்பன் சோபா மேலே ஏறி நின்றான். இன்றைக்கும் அந்தப் பந்து என் தலைக்குள் மிதந்துகொண்டுதான் இருக்கிறது.

மூன்றாவது ஆட்டம் லேக்கர்ஸ் 137-104. மேஜிக் 21 அசிஸ்ட் (புள்ளியாகும் பாஸ்). பேர்ட் தன் அணியையே கோழைகள் என்று திட்டினார். நான்காவதில் லேக்கர்ஸின் குர்ட் ராம்பிஸ் ஓடிவந்து தாவும்போது மெக்ஹேல் கழுத்தில் கையைப் போட்டுத் தரையில் சாய்த்தார். இன்றைக்கு அப்படிச் செய்தால் அடுத்த நிமிஷம் வெளியே. அன்றைக்கு ஒரு சாதாரண ஃபவுலோடு ஆட்டம் நடந்தது. அதுவும் ஓவர்டைம், அதுவும் செல்டிக்ஸ்.

கடைசியில் ஏழாவது ஆட்டம், ஜூன் 12, செல்டிக்ஸ் 111-102. பாத்திரம் நான் கழுவினேன். முப்பது நாள்.

17 ஜனவரி

ஐந்தாவது ஆட்டத்தை விட்டுவிட்டேன். அதை விடக்கூடாது.

பாஸ்டன் கார்டன் 1928-இல் கட்டிய அரங்கம். ஏசி கிடையாது. அன்று உள்ளே 97 டிகிரி ஃபாரன்ஹீட், நம் கணக்கில் 36. நடுவர்களில் ஒருவர் உடம்பில் நீர் வற்றிப் பாதியிலேயே விலகினார். பெஞ்சில் உட்கார்ந்து கரீம் ஆக்ஸிஜன் முகமூடியை மூக்கில் வைத்துக்கொண்டார். 37 வயசு, ஏழடி இரண்டங்குலம், முழங்கால் மேல் துண்டு, கண்ணை மூடிக்கொண்டு மூச்சு இழுக்கிறார். பேர்டுக்கு மட்டும் ஏதோ மாலைக் காற்று வாங்குகிற மாதிரி: 20 வீச்சில் 15 விழுந்தது, 34 புள்ளி, 17 ரீபவுண்ட்.

அந்த அரங்கத் தரையே தனிக்கதை. இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம், நீளமான மரம் கிடைக்கவில்லை என்று ஓக் துண்டுகளைச் சதுரம் சதுரமாக ஒட்டிப் போட்டது. பற்றாக்குறைக்குச் செய்த தரை, பிற்பாடு பெருமைக்குரிய அடையாளமாகிவிட்டது. சில இடத்தில் பந்து எழும்பாது, அது எந்த இடம் என்று செல்டிக்ஸ்காரர்களுக்கு மட்டும் தெரியும் என்பார்கள். நானும் பல வருஷம் நம்பினேன். தோற்றவனுக்கு ஒரு பலகை மேலாவது பழி போட வேண்டாமா.

23 ஜனவரி

இன்று இரண்டும் மோதின. லேக்கர்ஸ் 117-96. நடுவில் தூங்கிவிட்டேன். கேள்வி கேட்ட வாசகர் இதைப் படித்துக் குதிக்கட்டும்.

3 பிப்ரவரி

லூக்கா டான்சிச் லேக்கர்ஸுக்கு! ஆன்டனி டேவிஸைக் கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். போன வருஷம் ஃபைனல்ஸில் டல்லாஸுக்காக ஆடி செல்டிக்ஸிடம் 4-1 என்று தோற்ற ஆள், இப்போது மஞ்சள் சட்டையில்.

சந்தோஷப்பட வேண்டும். பட்டேன். கூடவே என்னவோ உறுத்துகிறது. அந்தத் தோல்வி இனி யாருடையது? டல்லாஸ் ரசிகன் அதைத் தனியாக வைத்துக்கொண்டு என்ன செய்வான்?

4 பிப்ரவரி

நேற்றுக் கேட்டதற்குப் பதில் என்னிடமே இருந்தது: அறுபதுகளின் லேக்கர்ஸ் ஆட்டக்காரர் ஜெர்ரி வெஸ்ட்.

1962, 63, 65, 66, 68, 69. ஆறு ஃபைனல்ஸ், ஒரே அணியிடம். ஒவ்வொரு தடவையும் அதே ஆள், அதே சட்டை. கூட எல்ஜின் பெய்லர். 62-இல் பெய்லர் ஐந்தாவது ஆட்டத்தில் 61 புள்ளி எடுத்தார்; ஃபைனல்ஸில் அதை இன்னும் யாரும் தாண்டவில்லை. ஏழாவது ஆட்டம் கடைசி வினாடிகள், 100-100. பந்து ஃபிராங்க் செல்விக்கு வந்தது. கல்லூரியில் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்த மனுஷன் அவர். வளையத்துக்குப் பக்கத்தில் இருந்து போட்டார். விழவில்லை. ஓவர்டைம், செல்டிக்ஸ் 110-107. அன்று செல்டிக்ஸின் பில் ரஸ்ஸல் 40 ரீபவுண்ட் எடுத்தார். நாற்பது. எழுத்துப்பிழை இல்லை.

69 இன்னும் கொடுமை. அந்த வருஷம் வில்ட் சேம்பர்லினும் லேக்கர்ஸில். செல்டிக்ஸ் கிழக்குப் பிரிவில் நாலாவது இடத்தில் தட்டுத்தடுமாறி வந்த வயசான அணி. ஏழாவது ஆட்டம் லேக்கர்ஸின் ஃபோரம் அரங்கில். முதலாளி ஜாக் கென்ட் குக் ஜெயிப்பு நிச்சயம் என்று கூரைக்கு அடியில் ஆயிரக்கணக்கில் பலூன் கட்டி வைத்தார். ஜெயித்ததும் பலூன் கொட்டும், பாண்டு வாசிக்கும் என்று நிகழ்ச்சிநிரல் வேறு அச்சடித்தார்கள். அந்தக் காகிதம் ரஸ்ஸல் கையில் சிக்கியது. வேறு என்ன வேண்டும்?

கடைசிக் கட்டத்தில் சேம்பர்லினுக்கு முழங்காலில் அடி. வெளியே வந்தார். திரும்பப் போகிறேன் என்றபோது கோச் விடவில்லை. ஒரு நிமிஷம் சொச்சம் இருக்கும்போது செல்டிக்ஸின் ஹாவ்லிசெக் கையிலிருந்து தட்டிவிடப்பட்ட பந்து நேராக அதே அணியின் டான் நெல்சனிடம் போனது. ஃப்ரீ த்ரோ கோட்டுப் பக்கத்திலிருந்து அப்படியே போட்டார். பந்து வளையத்தின் பின் விளிம்பில் பட்டது, செங்குத்தாக மேலே எழும்பியது, ஒரு கணம் யோசித்தது, அதே ஓட்டைக்குள் விழுந்தது. கடைசியில் செல்டிக்ஸ் 108-106. பலூன் எல்லாம் மேலேயே தொங்கின.

வெஸ்ட் அன்று 42 புள்ளி, 13 ரீபவுண்ட், 12 அசிஸ்ட். ஃபைனல்ஸின் சிறந்த ஆட்டக்காரர் பரிசு அந்த வருஷம்தான் ஆரம்பித்தது; கொடுத்தது அவருக்கு. தோற்ற அணிக்காரர் அதை வாங்கியது அந்த ஒரே தடவை.

இதைத்தான் சொல்ல வந்தேன், வாசகரே. 9-3 என்பதால் பகை இல்லை என்கிறீர்கள். எனக்கு அந்த 9-தான் பகை. ஜெயித்தவனுக்கு அது இன்னொரு கோப்பை. ரஸ்ஸலிடம் 11 இருந்தது, 13 வருஷத்தில். ஞாபகம் வைத்துக்கொள்ளும் வேலையைச் செய்தவன் தோற்றவன். அதே முகத்தோடு அடுத்த வருஷமும் வந்து நின்றவன்.

5 பிப்ரவரி

திருத்தம்: 59 அந்தக் கணக்கில் வராது என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். லேக்கர்ஸ் அப்போது மினியாபொலிஸில் இருந்தது, வெஸ்டும் வரவில்லை. நியாயம்தான். ஏரிகள் நிறைந்த மினசோட்டாவில் வைத்த பெயர் அது. 1960-இல் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு மூட்டை கட்டியபோது பெயரையும் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆனால் 4-0 என்று வாங்கியதை மினியாபொலிஸிலேயே விட்டுவிட்டுப் போக முடியுமா?

19 பிப்ரவரி

அவமானம். நண்பனிடம் நேற்று போனில் பேசினேன். இந்தக் குறிப்புகளைப் படித்திருக்கிறான்.

"டேய், ஹெண்டர்சன் பறித்தபோது நீ அறையிலேயே இல்லையேடா."

என்னடா உளறுகிறாய் என்றேன். "மெக்ஹேல் ரெண்டாவது ஃப்ரீ த்ரோவை விட்டதும் கை தட்டிட்டு, ஜெயிச்சாச்சுன்னு சொல்லி, கீழே டிரையர்ல துணி எடுக்கப் போயிட்ட. நான் சோபா மேல நின்னு கத்தினது உனக்கு அடித்தளத்துல கேட்டுச்சு. துணிக்கூடையோட மேல ஓடிவந்த."

போனை வைத்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்தேன். துணிக்கூடை ஞாபகம் வருகிறது. நீலப் பிளாஸ்டிக். துணி சூடாக இருந்தது. டிவியில் மறுபடி மறுபடி போட்ட காட்சியைத்தான் நான் பார்த்திருக்கிறேன். நாற்பது வருஷமாக "என் கண்ணால் பார்த்தேன்" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். சோபா மேல் அவன் நின்றது மட்டும் நிஜம். அதுவும் ஓடிவந்த பிறகு பார்த்தது.

ஜனவரி 16 குறிப்பைத் திருத்தப் போவதில்லை. இருக்கட்டும்.

20 பிப்ரவரி

நான் அறையில் இருந்திருந்தால் வொர்தி அந்தப் பாஸைப் போட்டிருக்க மாட்டார் என்று ராத்திரி முழுக்கத் தோன்றியது. அறுபதைத் தாண்டிய மனுஷன் நினைக்கிற நினைப்பா இது.

2 மார்ச்

"அந்தக் காலத்தில் நிஜமான வெறுப்பு, இப்போது எல்லோரும் கட்டிப்பிடிக்கிறார்கள்" என்று இன்னொருவர் எனக்கு ஆதரவாக எழுதியிருக்கிறார். ஆதரவுக்கு நன்றி, ஆனால் அதுவும் சரியில்லை.

1985-இல் கான்வர்ஸ் ஷூ விளம்பரத்துக்காக மேஜிக் இண்டியானாவில் பேர்டின் வீட்டுக்கே போனார். அதுவரை இரண்டு பேரும் சரியாகப் பேசிக்கொண்டதே இல்லை. இடைவேளையில் பேர்டின் அம்மா சாப்பிடக் கூப்பிட்டார். அங்கேதான் நட்பு ஆரம்பம். 1991 நவம்பர் 7, எச்ஐவி இருப்பதாக மேஜிக் அறிவித்தபோது பேர்ட் இடிந்துபோனார். அடுத்த வருஷம் பார்சிலோனா ஒலிம்பிக்ஸில் இரண்டு பேரும் ஒரே அமெரிக்கச் சட்டை. முதுகுவலியோடு ஆடிய பேர்ட் அதோடு நிறுத்திக்கொண்டார்.

நிஜமாகவே பேச்சை முறித்துக்கொண்டவர்கள் ரஸ்ஸலும் சேம்பர்லினும். அதற்கு முன் ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிடும் அளவுக்கு நட்பு. 69-க்குப் பிறகு, முழங்கால் வலி என்று சேம்பர்லின் கடைசி நேரத்தில் வெளியே போனதை ரஸ்ஸல் பொதுமேடையில் குத்திக் காட்டினார். இருபது வருஷத்துக்கு மேல் பேச்சே இல்லை. அப்புறம் ரஸ்ஸல்தான் மன்னிப்புக் கேட்டார்.

இன்னொன்று. எண்பதுகளில் இதைக் கறுப்பு–வெள்ளைச் சண்டையாகப் பார்த்தவர்கள் நிறைய. பேர்ட், மெக்ஹேல், எய்ஞ்ச் பச்சையில். மேஜிக், கரீம், வொர்தி மஞ்சளில். எங்கள் பொது அறையிலும் யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள் என்று பார்த்தாலே தெரியும். ஆனால் என்பிஏவில் முதலில் கறுப்பின ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுத்தது செல்டிக்ஸ், 1950-இல். முதல் கறுப்பினத் தலைமைக் கோச் ரஸ்ஸல், 1966-இல், அங்கேதான். அதே ரஸ்ஸலின் வீட்டுக்குள் புகுந்து நாசம் செய்ததும் அதே பாஸ்டன் பக்கத்து ஆட்கள்தான். அணியையும் ஊரையும் ஒன்றாகப் போட்டுப் பேசியவன் நான். நண்பனிடம் எத்தனையோ தடவை அதை வைத்து மடக்கியிருக்கிறேன். அவன் பதில் சொல்லாமல் இருந்தது பதில் இல்லாததால் அல்ல என்று இப்போது தோன்றுகிறது.

9 ஜூன்

இன்று அந்தத் தேதி. 1985 ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை.

அந்தத் தொடரின் முதல் ஆட்டத்தில் செல்டிக்ஸ் 148-114 என்று துவைத்தது. ஸ்காட் வெட்மன் 11 போட்டு 11-உம் விழுந்தது. கரீமுக்கு 12 புள்ளி, 3 ரீபவுண்ட். கிழவனுக்குக் கதை முடிந்தது என்று எல்லோரும் எழுதினார்கள். இரண்டாவது ஆட்டத்துக்குப் போகும் பஸ்ஸில் அணி தவிர யாரும் ஏறக்கூடாது என்பது லேக்கர்ஸ் கோச் பாட் ரைலியின் சட்டம். கரீம் தன் அப்பாவை ஏற்றிக்கொள்ள அனுமதி கேட்டார். ரைலி விட்டார். அன்று 30 புள்ளி, 17 ரீபவுண்ட், 8 அசிஸ்ட். 38 வயசில்.

ஆறாவது ஆட்டம் பாஸ்டன் கார்டனிலேயே, லேக்கர்ஸ் 111-100. எட்டு தடவை தோற்று ஒன்பதாவது தடவை ஜெயிப்பு. அரங்கத்தில் அப்படி ஒரு அமைதி. எங்கள் பொது அறையிலும்தான். நான் மட்டும் கத்தினேன், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நண்பன் எழுந்து போய் சிங்க்கில் கிடந்த தட்டுகளைத் தேய்க்க ஆரம்பித்தான். ஆறாம் நாள் படிப்பு முடிந்து வேலைக்குக் கிளம்பிவிட்டான். கணக்குப்படி இன்னும் 24 நாள் பாக்கி.

12 ஜூன்

ஜெர்ரி வெஸ்ட் போய் இன்றோடு ஒரு வருஷம். 1984 ஏழாவது ஆட்டம் நடந்த அதே ஜூன் 12. 85-இல் அணியைக் கட்டி எழுப்பிய ஜெனரல் மேனேஜர் அவர்தான், ஆட்டக்காரராக முடியாததை அப்படிச் சாதித்தார். அவர் இறந்த ஐந்தாம் நாள் செல்டிக்ஸ் 18-ஆவது பட்டத்தை எடுத்து லேக்கர்ஸை ஒன்று தாண்டியது. கடைசி வரை விடவில்லை பாருங்கள்.

19 ஜூன்

லேக்கர்ஸையும் விற்கிறார்கள், சுமார் 10 பில்லியன் டாலர் மதிப்பில். மார்ச்சில் செல்டிக்ஸ், 6.1 பில்லியன். 1979-இல் ஜெர்ரி பஸ் லேக்கர்ஸ், ஐஸ் ஹாக்கி அணி, ஃபோரம் அரங்கம், ஒரு பண்ணை எல்லாம் சேர்த்து வாங்கியது 67.5 மில்லியனுக்கு. சொல்வதற்கு ஒன்றும் இல்லை. பலூன் விலை எவ்வளவோ.

6 ஜூலை

நண்பன் வந்திருந்தான், இரண்டு நாள். அவன் பேரனுக்குக் காட்டுகிறேன் என்று 1987 நான்காவது ஆட்டத்தைப் போட்டோம். பையனுக்கு 11 வயசு, இரண்டு அணியும் பிடிக்காது, கோல்டன் ஸ்டேட் அணியின் ஆள். குட்டை நிக்கரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தான்.

அந்த ஆட்டத்தை அன்று நாங்கள் சேர்ந்தே பார்த்தோம்; அவன் மூன்று மணி நேரம் கார் ஓட்டி வந்தான். பன்னிரண்டு வினாடி இருக்கும்போது பேர்ட் ஒரு மூன்று புள்ளி, செல்டிக்ஸ் 106-104. கரீம் முதல் ஃப்ரீ த்ரோ போட்டார், இரண்டாவது போச்சு. ரீபவுண்ட் மெக்ஹேல் கையில் பட்டு வெளியே. மேஜிக் இடது ஓரத்தில் பந்தை வாங்கி, மெக்ஹேலைக் கூடவே இழுத்துக்கொண்டு நடுவுக்குள் வந்தார். செல்டிக்ஸின் பாரிஷும் கையைத் தூக்குகிறார். இரண்டு பேர் கைக்கும் மேலே, கரீமின் ஸ்கை ஹூக்கை அவர் கண் முன்னாலேயே ஒரு தம்பி மாதிரி குட்டியாகப் போட்டார். 107-106. இன்னும் இரண்டு வினாடி. பேர்ட் மூலையில் தனியாக. பந்து நேர்கோட்டில் போகிறது.

இங்கே நான் திரையைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தேன். கண்ணை இறுக்கி மூடியிருந்தான்.

"தாத்தா, கொஞ்சம் நீளமாப் போயிடுச்சு," என்றான் பையன்.

"தெரியும்."

"நீங்க பார்க்கவே இல்லையே?"

"அன்னைக்கும் பார்க்கலை," என்றான். என் பக்கம் திரும்பவில்லை. முப்பத்தெட்டு வருஷமாக அந்தப் பந்து எப்படிச் சுழன்றது, எந்த விளிம்பைத் தொட்டது என்று எனக்கு அங்குலம் அங்குலமாக விவரித்தவன் இவன். துணிக்கூடையை நான் சொல்லிக்காட்டவில்லை. கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் சொல்லவில்லை.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பாத்திரத்தை அவனே எடுத்துப்போட்டுத் தேய்த்தான். பாக்கி 23.